எச்விஐ தாளில் வராத குறைகள்: மேற்கு ஆப்பிரிக்கப் பஞ்சில் பட்டதும் கற்றதும்

மேற்கு ஆப்பிரிக்கப் பஞ்சை முதல் முறையாக வாங்க நினைக்கும் நூற்பாலைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். மாலி, புர்கினா ஃபாசோ, பெனின், ஐவரி கோஸ்ட், கேமரூன் பஞ்சை வாங்கலாமா என்று கேட்டால் வாங்கலாம் என்றுதான் சொல்வேன். கையால் பறித்த பஞ்சு, 28 மில்லிமீட்டருக்கு மேல் நீளம், நல்ல முதிர்ச்சி. 30, 40-ம் நம்பர் கோம்டு (குட்டை இழை நீங்கச் சீவிய) ஹோசியரி நூலுக்குப் பொருத்தமான சரக்கு. ஆனால் அந்தப் பஞ்சு கிராமத்தில் எப்படிச் சேர்கிறது, ஜின்னிங்கில் (விதையிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் ஆலையில்) என்ன நடக்கிறது, அங்கே யாருக்கு எதற்குக் காசு கிடைக்கிறது என்று தெரியாமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஆலை பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

2022 கோடையில் நம் நாட்டுச் சங்கர்-6 ரகப் பஞ்சு கண்டி (ஏறக்குறைய 356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது பலருக்கும் நினைவிருக்கும். அந்த ஏப்ரலில் மத்திய அரசு பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரியை நீக்கியதும், தென்னிந்திய ஆலைகள் பலவும் வெளிநாட்டுப் பஞ்சைத் தேடின. நாங்களும் ஒரு பன்னாட்டு வியாபாரி வழியாக நான்கு கண்டெய்னர் வாங்கினோம். நாற்பது அடி கண்டெய்னருக்கு 25 டன் என்று வைத்தால் மொத்தம் நூறு டன். மேற்கு ஆப்பிரிக்க பேல் (அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதி) நம் 170 கிலோ பேல் போல இல்லை, 220 முதல் 225 கிலோ வரை இருக்கும். அதனால் கையில் வந்தது ஏறக்குறைய 450 பேல். அதே நீளமுள்ள இன்னொரு நாட்டுப் பஞ்சைவிடப் பவுண்டுக்கு 2 சென்ட் குறைவு. நூறு டன் என்பது 2,20,460 பவுண்டு. ஆக மிச்சம் 4,400 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய மூன்றரை லட்சம் ரூபாய். சரக்கு கொழும்பில் கப்பல் மாறித் தூத்துக்குடிக்கு வருவதற்குள் உலக விலையே சரிந்துவிட்டது. அது அந்த வருஷம் எல்லோரும் பட்ட நஷ்டம், இங்கே சொல்ல வந்தது அதையல்ல.

எடை சரியாக இருந்தது. எச்விஐ என்ற இயந்திரச் சோதனையில் நீளம், வலிமை, மைக்ரோனேர் (இழையின் பருமனையும் முதிர்ச்சியையும் காட்டும் அளவு), நிறம் எல்லாமே ஒப்பந்தத்துக்குள் வந்தன. தாளைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேல்களைப் பிரித்துப் பஞ்சு பொறுக்கும் பெண்கள்தான் முதலில் சொன்னார்கள். உரச் சாக்கின் வெள்ளை இழைகள், நீலப் பிளாஸ்டிக் கயிற்றுத் துணுக்குகள், கோழி இறகு, தலைமுடி, கலர்த் துணிக் கிழிசல். ஒரு பேலில் ஒன்றுமே இருக்காது, அடுத்த பேலில் கைநிறைய வரும். இந்த ஏற்ற இறக்கம்தான் எங்களை முதலில் குழப்பியது. பின்னாளில் விஷயம் புரிந்ததும் இதே ஏற்ற இறக்கம்தான் வழியும் காட்டியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ப்ளோ ரூமில் (பஞ்சைப் பிரித்துத் தூசு நீக்கும் பகுதியில்) குப்பையைக் கேமராவால் கண்டு தள்ளும் கண்டாமினேஷன் சார்ட்டர் இருக்கிறதே என்று நினைக்கலாம். கலர்த் துணியையும் சணலையும் அது பிடித்துவிடும். உரச் சாக்கின் வெள்ளை பாலிப்ரொப்பிலீன் (சுருக்கமாக பிபி) பஞ்சின் நிறத்திலேயே இருப்பதால், நிறத்தை மட்டும் பார்க்கும் கேமராவுக்கு அது பஞ்சுதான். பிபிக்கென்று தனி ஒளி அமைப்பு உள்ள இயந்திரங்களும் பெரிய துண்டைப் பிடிக்கும், மெல்லிய இழையை விட்டுவிடும். இதில் ஜின்னிங்கின் பங்கு பெரியது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஓடுவது பெரும்பாலும் ரம்பப் பல் உள்ள சா ஜின். சாக்கின் ஒரு கீற்று ரம்பத்துக்குள் போனால் துண்டு துண்டாகி, நார் நாராகப் பிரிந்து, அந்த பேல் முழுக்கப் பரவிவிடும். மிச்சமிருக்கும் துண்டையும் நம் ஆலையின் கார்டிங் (பஞ்சைச் சீவி இழை இழையாகப் பிரிக்கும் இயந்திரம்) நாராக்கிவிடும். பறிக்கும் இடத்தில் ஒரு விரலால் எடுத்துப் போட்டிருக்கக்கூடிய கீற்று, நம் ஆலைக்கு வரும்போது ஆயிரக்கணக்கான இழையாக வருகிறது. ஆட்டோகோனரில் (நூலைக் கோனில் சுற்றும் இயந்திரத்தில்) குறையுள்ள நூலை வெட்டும் க்ளியரரை இறுக்கினோம். நூறு கிலோமீட்டர் நூலுக்கான வெட்டு பல மடங்கு ஏறி, கோன் உற்பத்தி இறங்கியது. தளர்த்தினால் இழை நூலோடு போய்விடும்.

போனது. பிபியில் பருத்திச் சாயம் ஏறாது. திருப்பூரில் கருநீலம் போட்ட துணியில் வெள்ளை வெள்ளையாகக் கீற்றுகள் தெரிந்தன. வெளிர் நிறத்துக்குப் போன நூலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, அடர்நிறத்துக்குப் போன நூல் மட்டும் மாட்டியது. சாயமிட்ட கோம்டு பின்னல் துணி கிலோ ஐந்நூறு ரூபாய் என்று வைத்தால், ஒரே ஒரு டன் துணி நிராகரிக்கப்பட்டாலே ஐந்து லட்சம். அந்த 2 சென்ட்டில் நூறு டன்னுக்கும் சேர்த்து மிச்சமானதைவிட இது அதிகம். எங்களுக்கு வந்த டெபிட் நோட்டு (நஷ்டத்தை நம் கணக்கில் பிடிக்கும் சீட்டு) ஒன்றோடு நிற்கவில்லை. பணத்தைவிட, பல வருஷமாக நம் நூலை நம்பி வாங்கியவர் போனில் பேசிய குரல்தான் இன்றும் உறுத்துகிறது.

இதிலிருந்து முதல் வேலையாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. எந்த ஆப்பிரிக்க லாட் வந்தாலும் மிக்ஸிங்கில் சேர்க்கும் முன் அந்த லாட்டை மட்டும் தனியாகக் கொஞ்சம் நூற்று, ஒரு துண்டு பின்னி, கருநீலமோ கருப்போ சாயம் போட்டுப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிவதைப் பிடுங்கி நெருப்பில் காட்டினால், முதிராத பஞ்சின் நெப் (இழைகள் சிக்கிய சிறு முடிச்சு) காகிதம் எரிவது போல எரிந்து சாம்பலாகும், பிபி உருகிக் கட்டியாகும். இரண்டும் வேறு வேறு நோய், இரண்டுக்கும் மருந்து வேறு. இதற்கு ஆகும் செலவு ஒரு டெபிட் நோட்டின் ஓரத்துக்குக்கூட வராது.

அடுத்த பிரச்சினை அக்டோபர் மழையில் வந்தது. கார்டில் வெப் (சீவிய மெல்லிய பஞ்சுப் படலம்) உருளையில் ஒட்டியது, அடுத்த கட்டங்களான டிராயிங்கிலும் சிம்ப்ளெக்ஸிலும் லாப்பிங் (பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்வது) ஓயவில்லை. பஞ்சில் ஒட்டும் தன்மை. பருத்திக் காய் வெடித்த பிறகு அசுவினியும் வெள்ளை ஈயும் இலையிலிருந்து சொட்டும் தேன் போன்ற கழிவு திறந்த பஞ்சில் விழுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் காய் வெடிக்கும் காலத்தில் மழை நின்றுவிடுவதால் அதைக் கழுவ ஒன்றுமில்லை. வெள்ளை ஈயின் கழிவில் டிரெஹாலுலோஸ் என்ற சர்க்கரை அதிகம். அது 48 டிகிரி வாக்கிலேயே இளகும், காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் ஓடிய அதே லாட் மழைக்காலத்தில் ஓடாததற்குக் காரணம் இதுதான். கார்டிங் பகுதியின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து, ஒரு மிக்ஸிங்கில் அந்தப் பஞ்சின் பங்கை வெகுவாகக் குறைத்து, வேகத்தையும் குறைத்து ஓட்டினோம். ஒரு மாதத்தில் தீர வேண்டிய பஞ்சு குடோனில் பல மாதம் கிடந்து வட்டி ஏற்றியது.

இங்கே சோதனை பற்றி ஒரு எச்சரிக்கை. பல ஆலைகளில் பெனடிக்ட் கரைசல் வைத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். அது ரெட்யூசிங் வகைச் சர்க்கரையைத்தான் காட்டும். அசுவினிக் கழிவில் முக்கியமான மெலெசிடோஸ் அந்த வகை இல்லை. ஆகவே சோதனையில் நல்லது என்று வந்த பஞ்சும் உருளையில் ஒட்டலாம். பிரான்ஸின் சிராட் நிறுவனம் உருவாக்கிய தெர்மோடிடெக்டர், பஞ்சை அலுமினியத் தாள்களுக்கு நடுவில் வைத்துச் சூடாக்கி, எத்தனை இடத்தில் ஒட்டுகிறது என்று எண்ணும் முறை. பெனடிக்டைவிட நம்பகமானது அது. அந்த வசதி இல்லாதவர்கள் ஒரு சின்னக் கார்டில், ஈரப்பதத்தை வேண்டுமென்றே ஏற்றி, ஒவ்வொரு லாட்டையும் கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிடலாம். இன்னொன்று, குடோனில் போட்டு வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். செடியின் இயல்பான சர்க்கரை நாளாவட்டத்தில் குறையும். பூச்சியின் சர்க்கரை அப்படிக் குறைவதில்லை.

மூன்றாவது குறை நெப்ஸ். நெப்ஸை எண்ணும் ஏஎஃப்ஐஎஸ் கருவியில் பார்த்தபோது கிராமுக்கு 300-ஐத் தாண்டிய பேல்கள் நிறைய. 40-ம் நம்பர் கோம்டு நூலுக்கு 200-ஐ ஒட்டி இருந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. கோம்பரில் நாயிலை (சீவும்போது கழியும் குட்டை இழைக் கழிவை) ஒன்றரை சதவீதம் கூட்டி எடுத்தோம். நூறு டன்னில் ஒன்றரை சதவீதம் என்றால் ஒன்றரை டன் பஞ்சு, நூல் விலைக்குப் போக வேண்டியது நாயில் விலைக்குப் போனது. நெப்ஸும் குட்டை இழையும் ஒட்டும் தன்மையும் பிளாஸ்டிக்கும் சாதாரண எச்விஐ விற்பனைத் தாளில் பெரும்பாலும் வருவதில்லை. ஆலைக்கு வலிக்கிற நான்கும் விலை பேசும் தாளில் இல்லை. மேற்கு ஆப்பிரிக்கப் பஞ்சு பெரும்பாலும் மான்போ/எஸ், ஜூலி/எஸ், போலா/எஸ், காபா/எஸ் போன்ற வகைப் பெயரில்தான் விற்கப்படுகிறது. அந்தப் பெயர்கள் கண்ணுக்குத் தெரியும் நிறத்தையும் இலைத்தூளையும் வைத்து வகுத்தவை.

நஷ்டஈடு கேட்டுப் பார்த்தோம். லிவர்பூல் ஐசிஏ (பன்னாட்டுப் பருத்திச் சங்கம்) விதிப்படி போட்ட ஒப்பந்தம். ஒவ்வொரு வகைப் புகாருக்கும் ஒரு கெடு உண்டு, சரக்கு வந்து சேர்ந்த தேதியிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிடும். பஞ்சை மெதுவாகப் பயன்படுத்தும் ஆலைக்குப் பாதி பேலைப் பிரிப்பதற்குள் கெடு முடிந்துவிடும். இருதரப்புக் கன்ட்ரோலரும் (சரக்கைப் பரிசோதிக்கும் பிரதிநிதிகள்) சேர்ந்து எடுத்த மாதிரி இல்லாமல் பேச முடியாது. பிரித்து ஓட்டிவிட்ட பேலுக்குப் பேச்சே இல்லை. கடைசியில் வியாபாரி நல்லெண்ணத்துக்காகக் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தார், எங்கள் நஷ்டத்தில் அது ஒரு மூலைக்குக் காணவில்லை. ஆகவே சரக்கு இறங்கிய வாரமே ஒவ்வொரு கண்டெய்னரிலிருந்தும் சில பேல்களைக் கன்ட்ரோலர் முன்னிலையில் பிரித்துப் பார்த்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் பிளாஸ்டிக் பற்றி ஒரு வரி தனியாக எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பொறுக்கிய குப்பையை பேல் எண்ணோடு தனித்தனிக் கவரில் வையுங்கள்.

அந்தக் கவர்கள்தான் கதையைத் திருப்பின. மேற்கு ஆப்பிரிக்க பேலின் சீட்டில் எந்த ஜின்னிங் ஆலை, எந்தப் பருவம், பேலின் வரிசை எண் என்ன என்பது இருக்கும். குப்பையின் எடைக் கணக்கை பேல் எண் வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது, குப்பை கூட்டம் கூட்டமாக வந்திருந்தது. பதினைந்து இருபது பேல் தொடர்ச்சியாக மோசம், பிறகு முப்பது நாற்பது பேல் சுத்தம். வியாபாரி வழியாகவே அந்த ஜின்னிங்கின் தரப் பொறுப்பாளரைப் பிடித்து இந்தப் பட்டியலை அனுப்பினோம். பேச்சு முழுக்க பிரெஞ்சு, எங்களுக்கு அது தெரியாது. வெள்ளைத் தாளில் ஸ்கேல் வைத்து எடுத்த படம், பேல் எண், கிராம் கணக்கு, இந்த மூன்றுக்கும் மொழி தேவைப்படவில்லை.

அவருடைய பதில் எங்களுக்குக் கண் திறந்தது. அவர்களுடைய சீசனில் இப்படி ஒரு பட்டியல் எந்த ஆலையிலிருந்தும் அவருக்கு வந்ததே இல்லை. பஞ்சு கைமாறும் வழி இது: விவசாயியிடமிருந்து கிராமக் கூட்டுறவு, அதிலிருந்து ஜின்னிங், ஜின்னிங் கம்பெனியின் விற்பனைப் பிரிவு, பன்னாட்டு வியாபாரி, இங்கே ஏஜென்ட், பிறகு ஆலை. புகார் ஏஜென்டிடமோ வியாபாரியிடமோ தள்ளுபடியாக மாறி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஜின்னிங்குக்குப் போய்ச் சேருவது “இந்த நாட்டுப் பஞ்சு அழுக்கு” என்ற பொதுப் பெயரும் அடுத்த வருஷம் ஒரு சென்ட் குறைவான விலையும்தான். எந்த பேல், எந்தக் கிராமம் என்று தெரியாத குறையை யாரும் திருத்த முடியாது.

கூட்டம் கூட்டமாகக் குப்பை வந்ததற்கும் விளக்கம் கிடைத்தது. அங்கே கிராமத்தார் அனைவரின் பருத்தியும் ஒரே மைதானத்தில் குவிக்கப்பட்டு, லாரியில் ஏற்றப்படுகிறது. லாரியில் 10 டன் கொட்டைப் பருத்தி (விதை நீக்காத பருத்தி) என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதை ஜின்னிங் செய்தால் 42 சதவீதம் வாக்கில் பஞ்சு கிடைக்கும். ஆக 4.2 டன் பஞ்சு, அதாவது 18 அல்லது 19 பேல். எங்கள் கணக்கில் தொடர்ச்சியாக மோசமாக இருந்த பேல் எண்ணிக்கையும் ஒரு லாரியின் அளவும் பொருந்திப் போயின. குப்பை நாட்டுக்குச் சொந்தமானதல்ல, குறிப்பிட்ட சில கிராமங்களின் குவியலுக்குச் சொந்தமானது. பருத்தி விவசாயிக்கு உரம் வருவதே பிபி சாக்கில். அந்தச் சாக்கில்தான் பறிக்கிறார், வீட்டில் அதிலேயே வைக்கிறார், வாயைப் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டுகிறார். கையில் வேறு பை இல்லாதவரிடம் சாக்கு வேண்டாம் என்று பிரசாரம் செய்து பயனில்லை. பறிக்கப் பருத்தித் துணிப் பை, குவிக்கப் பருத்தித் துணி விரிப்பு, கட்டப் பருத்திக் கயிறு, இவை கையில் போய்ச் சேர வேண்டும். ஜிம்பாப்வே பஞ்சுக்கு 1980-களிலும் 90-களிலும் உலகச் சந்தையில் சுத்தமான கைப்பறிப் பஞ்சு என்ற பெயரும் கூடுதல் விலையும் இருந்தன. அங்கே வாங்கும் கம்பெனியே பையும் கயிறும் கொடுத்தது, வாங்கும் இடத்தில் தரம் பிரித்து விலை போட்டது. டான்சானியாவில் 1994-க்குப் பிறகு பல வியாபாரிகள் போட்டி போட்டு வாங்கத் தொடங்கியதும், தரம் பார்த்தால் சரக்கு பக்கத்துக்காரரிடம் போய்விடும் என்ற பயத்தில் தரம் பிரிப்பதே தளர்ந்தது. எடைக்காக மணலும் தண்ணீரும் கலப்பது வரை போனது.

நெப்ஸ் விஷயத்தில் ஜின்னிங்கின் பக்க நியாயமும் தெரிந்தது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சகாராவிலிருந்து ஹர்மத்தான் காற்று அடிக்கிறது. கொட்டைப் பருத்தியின் ஈரம் 4, 5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அவ்வளவு காய்ந்த இழை வலுவிழந்து, ரம்பம் இழுக்கும்போது விதையிலிருந்து கழலாமல் நடுவில் ஒடிகிறது. குட்டை இழை, நெப்ஸ், விதைத்தோல் துணுக்கு எல்லாம் சேர்ந்து வரும். அந்த மாதங்களில் டிரையரை அணைத்துவிட்டு, ஜின்னுக்கு முன்னால் ஈரக்காற்று கொடுத்து 6 முதல் 7 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் பாதிப் பிரச்சினை குறையும். ஆனால் ஜின்னிங் முடிந்த பஞ்சின் மேல் தண்ணீர் தெளிப்பது வேறு விஷயம். அது எடையைக் கூட்டுமே தவிர ஒடிந்த இழையை ஒட்டாது, பேலில் ஈரம் ஏழரை சதவீதத்தைத் தாண்டினால் கப்பலில் வரும்போதே மஞ்சள் ஏறும். ஒப்பந்தத்தில் ஈரத்துக்கு உச்சவரம்பு எழுத வேண்டியது இதற்காகத்தான்.

வேகமும் முக்கியம். சீசன் குறுகியது, பருத்தி குவிந்து கிடக்கிறது, டீசல் செலவு வேறு. ஆகவே ஜின்னை அதன் முழு அளவுக்கும் மேலே ஓட்டுகிறார்கள், உள்ளே சுழலும் பருத்தி உருளை கெட்டியாகி நெப்ஸ் பிறக்கிறது. தேய்ந்த ரம்பமும் தேய்ந்த ரிப்பும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஜின்னிங் முடிந்த பஞ்சிலிருந்து தூசு நீக்கும் லின்ட் கிளீனரின் கதை இன்னும் சுவாரசியமானது. கண்ணால் தரம் பிரிப்பவர் பஞ்சு வெளுப்பாகவும் இலைத்தூள் இல்லாமலும் இருந்தால் உயர்ந்த வகை போடுவார். அதற்காக இரண்டு லின்ட் கிளீனரிலும் பஞ்சை விடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் தூசு குறையும், நெப்ஸும் குட்டை இழையும் கூடும். கையால் பறித்த பஞ்சுக்கு ஒன்றே போதும். நம் ப்ளோ ரூம் இலைத்தூளை எளிதாக எடுத்துவிடும், ஆனால் நெப்ஸை எடுக்கக் கார்டிலும் கோம்பரிலும் பஞ்சையே சேர்த்து இழக்க வேண்டும். இரண்டாவது கிளீனரை பைபாஸ் செய்யுங்கள், வகை ஒரு படி இறங்கினாலும் அதே விலை தருகிறோம் என்று நாம் எழுதிக் கொடுத்தாலொழிய எந்த ஜின்னிங் மேலாளரும் அதைச் செய்ய மாட்டார், செய்யவும் கூடாது. நூற்பாலையும் ஜின்னிங்கும் நேராகப் பேசினால் காசு செலவில்லாமல் கிடைக்கும் லாபம் இதுதான். நெப்ஸ் குறைந்ததில் எங்கள் நாயில் பழைய அளவுக்குத் திரும்பியது.

ஆலைக்குத் தெரிந்தது மறுமுனைக்குப் போய்ச் சேராத இதே இடைவெளி ஒரு நாட்டையே பாதித்திருக்கிறது. புர்கினா ஃபாசோ 2008-ல் மரபணு மாற்றிய பிடி பருத்தியை வணிக அளவில் கொண்டுவந்தது. காய்ப்புழு கட்டுப்பட்டது, மருந்தடிப்பு குறைந்தது. ஆனால் இழை நீளம் குறைந்து, ஜின்னிங்கில் கிடைக்கும் பஞ்சின் சதவீதமும் இறங்கியது. நீளத்துக்குப் பெயர் வாங்கிய பஞ்சுக்குச் சந்தையில் தள்ளுபடி விழுந்தது. 2015-16 பருவத்திலிருந்து படிப்படியாகப் பழைய ரகங்களுக்கே திரும்பினார்கள். வயலில் ஜெயித்த ரகம் ஜின்னிங்கிலும் நூற்பாலையிலும் தோற்றதைத் திருத்தப் பல பருவங்கள் ஆயின. ஆலையின் சோதனைத் தாள் முதல் இரண்டு பருவத்திலேயே விதை ஆராய்ச்சியாளர் மேசைக்குப் போகும் வழி இருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இப்போது கூட்டு ஏற்பாட்டை எப்படிப் போட வேண்டும் என்று வருகிறேன். ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஒரு ஜின்னிங்கைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஜின்னிங்கின் குறியீடுள்ள பேல் மட்டுமே என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். லாரி எண்ணையும் கிராமத்தையும் பேல் எண் வரிசையோடு சேர்த்து எழுதும் ஒரு நோட்டை அங்கே வைக்கச் சொல்லுங்கள், கம்ப்யூட்டர் தேவையில்லை. ஒரு கிராமத்தின் பருத்தி முடிந்த பிறகே அடுத்தது ஓட வேண்டும். பருத்தியை உறிஞ்சும் குழாய்க்கு முன்னால் ஆள் நிறுத்திப் பொறுக்க வேண்டும், ரம்பத்துக்குப் பிறகு பொறுக்குவது வீண். பேலின் மேல் சுற்றுவது பருத்தித் துணியாக இருக்கட்டும், கிழிந்த இடத்தைப் பிளாஸ்டிக் சாக்கால் ஒட்டுப் போடக் கூடாது. ஒவ்வொரு பேலுக்கும் எச்விஐ முடிவு கேளுங்கள், அந்த ஆய்வகம் சிஎஸ்ஐடிசி (பஞ்சுச் சோதனைக் கருவிகளைத் தரப்படுத்தும் பன்னாட்டு ஏற்பாடு) ஒப்பீட்டுச் சோதனையில் பங்கெடுக்கிறதா என்றும் கேளுங்கள். மாலியின் செகூவிலும் டான்சானியாவின் தார் எஸ் சலாமிலும் இதற்கென்றே வட்டாரத் தொழில்நுட்ப மையங்கள் நிறுவப்பட்டன. முதலில் ஒரே கண்டெய்னர் போதும்.

பணம் பேசாமல் எதுவும் நிற்காது. பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதல் என்றால் டன் பஞ்சுக்கு 22 டாலர். ஒரு டன் பஞ்சுக்கு 2.4 டன் கொட்டைப் பருத்தி போகிறது, ஆக விவசாயி வரை முழுதாகப் போனால் கிலோவுக்கு ஐந்தாறு சீஃபா பிராங்க் (அங்குள்ள நாணயம்). இது பெரிய தொகையல்ல, ஆனால் பத்து டன் லாரிக்கு 50,000 பிராங்குக்கு மேல் வருகிறது. தனித்தனி விவசாயிக்குக் கொடுப்பதைவிட, சுத்தமாக வந்த லாரிக்கான தொகையைக் கிராமக் கூட்டுறவுக்கு மொத்தமாகக் கொடுப்பது நன்றாக வேலை செய்கிறது. ஒருவர் சாக்கைக் கொண்டுவந்தால் எல்லோருடைய தொகையும் போகும் என்பதால் அவர்களே ஒருவரையொருவர் கவனிக்கிறார்கள். இந்தத் தொகையை முன்கூட்டி விலையில் சேர்க்க வேண்டாம். பேலைப் பிரித்து, பேலுக்கு எத்தனை கிராம் என்று எடைபோட்டு, இவ்வளவுக்குக் கீழே என்றால் இவ்வளவு என்று வையுங்கள். எடை போடுவது நாம், பணம் கொடுப்பதும் நாம் என்பதால் சந்தேகம் வரும். ஜின்னிங் சார்பில் ஒருவர் ஒரு முறையாவது இங்கே வந்து பார்க்க வேண்டும். எங்களிடம் வந்தவர் பொறுக்கிய குப்பைப் பெட்டியைக் கிளறி, ஒரு சாக்குத் துண்டின் அச்செழுத்தை வைத்தே அது எந்த உர சப்ளையிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டார். ஜெனீவாவின் பன்னாட்டு வணிக மையம் ஆப்பிரிக்க ஜின்னிங்காரர்களை ஆசிய ஆலைகளுக்கு அழைத்துப் போனதும், 2012 முதல் இந்திய அரசு பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி, நைஜீரியா, உகாண்டா, மலாவி நாடுகளில் பருத்தித் தொழில்நுட்ப உதவித் திட்டம் நடத்தியதும் இதை அறிந்துதான். ஆனால் திட்டம் முடிந்தால் வருகையும் முடிந்துவிடும், ஆண்டுதோறும் வாங்கும் ஆலை இருந்தால்தான் அது தொடரும்.

நடுவில் இருக்கும் வியாபாரியை விலக்கிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். கப்பல், ஆவணம், புகையூட்டல் சான்று, விலைப் பாதுகாப்பு, கடன் எல்லாம் அவர் கையில். ஜின்னிங்குக்கும் அவர்தான் முன்பணம் தருகிறார். பேசுவது நேராக, வாங்குவது அவர் வழியாக என்று வைத்தோம், அவருக்கும் புகார் குறைந்தது. ஜின்னிங் பக்கம் நம்மிடம் எதிர்பார்ப்பதும் நியாயமானது. விலை இறங்கிவிட்டது என்று சரக்கை எடுக்காமல் விடக் கூடாது, எல்சியை (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதத்தை) நேரத்தில் திறக்க வேண்டும், நல்ல பேலுக்கும் அறிக்கை அனுப்ப வேண்டும். 2022 விலைச் சரிவில் ஒப்பந்தத்தைக் கைவிட்ட ஆலைகளின் பெயர் அங்கே இன்னும் பேசப்படுகிறது.

ஒட்டும் தன்மை மட்டும் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அது வயலில் தொடங்குவது. காய் வெடித்ததும் காத்திருக்காமல் இரண்டு மூன்று முறையாகப் பறித்தால் கழிவு விழும் நாட்கள் குறையும், ஆனால் அதற்கு ஆள் வேண்டும், தானிய அறுவடையும் அதே சமயத்தில் வருகிறது. இப்போதைக்கு முதல் பறிப்புப் பஞ்சைத் தனி லாட்டாகக் கேட்டு வாங்குகிறோம், கடைசிப் பறிப்பைத் தவிர்க்கிறோம், வரும் பஞ்சை வெயில் காலத்துக்குள் ஓட்டி முடிக்கப் பார்க்கிறோம்.

காலக்கணக்கை மறந்துவிடாதீர்கள். அங்கே விதைப்பு மே, ஜூன். பறிப்பு அக்டோபரில் தொடங்குகிறது. விவசாயிக்கான உரமும் விதையும் கூட்டுறவு வழியாக விதைப்புக்கு முன்பே பிரிக்கப்படுகின்றன, துணிப் பைக்கான கணக்கும் அதனோடுதான் சேர வேண்டும். ஆகவே அடுத்த பருவத்துக்கான பேச்சை பிப்ரவரி, மார்ச்சிலேயே முடித்து, எத்தனை கிராமம், எத்தனை பை, யார் செலவு என்று எழுதிவிடுங்கள். பைகள் செப்டம்பருக்குள் கிராமத்தில் இருக்க வேண்டும். அக்டோபர் நடுவில் போய்ச் சேர்ந்தால் முதல் பறிப்பு உரச் சாக்கிலேயே போயிருக்கும்.